சீகை மரத்துச் செவ்வண்டு: அடிலெய்டு முதல் நீலகிரி வரை ஓர் இரைவிழுங்கியின் வரலாறு

1943 வாக்கில் உதகையிலிருந்து ஒரு ரோஜாப் பதியனையோ எலுமிச்சைக் கன்றையோ சமவெளிக்குக் கொண்டுவர முனைந்தவர் மேட்டுப்பாளையத்தைச் சும்மா தாண்டிவிட முடியாது. கூடலூர் வழியாக இறங்கினால் கூடலூரில் சோதனை. கொடைக்கானலிலிருந்து வந்தால் செண்பகனூரில் சோதனை. மலையின் வாசல்களில் திறக்கப்பட்ட இந்தத் தடைகாப்பு நிலையங்கள் தேடியது ஒரே ஒரு பூச்சியை.

ஐசெரியா பர்ச்சேசி என்பது அதன் அறிவியல் பெயர். தமிழில் பஞ்சுச் செதில் பூச்சி எனலாம். முதல் பார்வையில் அதை உயிருள்ளது என்றே யாரும் சொல்லமாட்டார்கள். கிளையில் ஒட்டிய பஞ்சுத் துணுக்கு என்றுதான் தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் முன்பக்கம் செங்காவி நிறத்தில் சிறிய உடல். அதன் பின்னால், நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் விழுந்த வெள்ளை மெழுகுப் பை, வேட்டிக் கொசுவம்போல. பையைக் குச்சியால் கீறினால் உள்ளே சிவப்பு முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இந்தப் பூச்சியில் ஆண் அரிது. பெண் என்று நாம் காண்பது இரு பாலும் ஓருடலில் அமைந்த உயிர், துணையில்லாமலே கருவுறும். ஆகவே கன்றோடு ஒட்டி வந்த ஒற்றைப் பூச்சி ஒரு தோப்பு முழுவதற்கும் விதையாகிவிடும். சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது கழிவாக விடும் இனிப்புப் பிசுக்கில் கரும்பூசணம் படரும், இலை உதிரும், கிளை காயும்.

மேட்டுப்பாளையத்தில் கன்றுகளைச் சோதித்துக்கொண்டிருந்த அந்த நாளில், இந்தப் பூச்சியைத் தின்பதற்கென்றே கொண்டுவரப்பட்ட ஒரு செவ்வண்டு நீலகிரியில் பத்தாண்டுக்கு மேல் குடியிருந்துவிட்டது. இக்கட்டுரை அந்த வண்டு வந்த வழியைப் பின்தொடர்கிறது. பூச்சியை அடக்கப் பூச்சியையே ஏவும் முறையின் பெருவெற்றிகள் பலவும் மரங்களின் மேல்தான் நிகழ்ந்தன. பருத்தி, நெல் வயல்களில் அப்படிப்பட்ட வெற்றிகள் அபூர்வம். ஏன் என்பது என் கேள்வி. மரம் பல்லாண்டு ஓரிடத்தில் நிற்கிறது, அதனால் இரைவிழுங்கிக்கு அது வீடாகிறது என்பது விடையின் ஒரு பாதி. மறுபாதி வண்டின் வாயில் இருக்கிறது: தின்னும் வகைகள் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு அதை நம்பலாம்.

முசுறுக் கூடும் மூங்கில் பாலமும்

இந்த முறை ஐரோப்பிய அறிவியல் கண்டுபிடித்தது என்று எழுதுவோர் உண்டு, அது சரியல்ல. கி.பி. 304இல் ஜி ஹான் தொகுத்ததாகக் கருதப்படும் சீனத் தாவர நூல், தென்சீனப் பகுதியில் எறும்புக் கூடுகளைப் பைகளில் வைத்துச் சந்தையில் விற்றதைப் பதிவு செய்கிறது. ஆரஞ்சு மரத்தில் அந்தக் கூட்டைக் கட்டித் தொங்கவிட்டால் பழத்தைத் துளைக்கும் பூச்சிகள் அண்டாது. பிற்காலத்தில் மரத்துக்கு மரம் மூங்கில் கழியால் பாலம் போட்டு எறும்புகளை நடமாட விட்டனர். அந்த எறும்பு வேறொன்றுமில்லை, நம் ஊர் மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டி, ஏறுபவனின் கழுத்தைக் கடிக்கும் முசுறுதான்.

முசுறு நல்ல காவல்காரன். ஆனால் பட்சபாதம் உண்டு. இனிப்புப் பிசுக்குக்காக மாவுப்பூச்சிகளையும் செதில் பூச்சிகளையும் அது பேணி வளர்க்கும், அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டவும் செய்யும். கையில் கிடைத்ததையெல்லாம் தின்னும் இரைவிழுங்கியின் சிக்கல் பதினேழு நூற்றாண்டுக்கு முன்பே அந்த ஆரஞ்சு மரத்தில் இருந்தது. 1762இல் வெட்டுக்கிளியை ஒழிக்க இந்தியாவிலிருந்து மொரீசியஸுக்கு மைனாவைக் கொண்டுபோனார்கள். பறவையின் கதை இங்கே வேண்டாம். கடல் தாண்டி எதிரியை அனுப்பும் எண்ணம் அப்போதே இருந்தது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

அடிலெய்டிலிருந்து வந்த பெட்டிகள்

பஞ்சுச் செதில் பூச்சியின் தாயகம் ஆஸ்திரேலியா. ஆனால் அறிவியல் உலகம் அதை முதலில் சந்தித்தது நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் அக்கேசியா இனத்துச் செடியின் மேல். வில்லியம் மாஸ்கெல் 1870களின் இறுதியில் அதை விவரித்து, தமக்கு அனுப்பிவைத்த பர்ச்சஸ் என்பவரின் பெயரையே சூட்டினார். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1868 வாக்கில், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இதே பூச்சி இறங்கியிருந்தது. அங்கும் அக்கேசியாவின் மேல்தான். அழகுக்கும் விறகுக்கும் நிழலுக்குமாக ஆஸ்திரேலிய மரங்களை உலகெங்கும் நட்ட காலம் அது. மரத்தை மட்டும் அனுப்புகிறோம் என்று நினைத்தவர்கள் அதன் பூச்சியையும் அனுப்பினார்கள். பூச்சியின் எதிரி மட்டும் தாயகத்திலேயே தங்கிவிட்டது. இந்த ஒரு வரியில்தான் பின்னால் வந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

1880களின் நடுவில் தென்கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகள் பனி பெய்ததுபோல வெளுத்து நின்றன. திமிங்கல எண்ணெய்ச் சோப்பு, மண்ணெண்ணெய்க் கரைசல் எல்லாம் அடித்துப் பார்த்தார்கள். மரத்தைக் கூடாரத்தால் மூடி உள்ளே ஹைட்ரோசயனிக் அமில வாயுவைச் செலுத்தும் முறையை டி.டபிள்யூ. கோக்கிலெட் உருவாக்கினார். வாயு வேலை செய்தது, ஆனால் செலவு தாளவில்லை. பலர் மரங்களை வெட்டிக் கொளுத்தினர்.

அமெரிக்க வேளாண் துறையின் தலைமைப் பூச்சியியலாளர் சார்லஸ் வேலன்டைன் ரைலி, எதிரியைத் தேடி ஆளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப விரும்பினார். துறைப் பணத்தில் வெளிநாடு போகக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டிருந்தது. 1888இல் மெல்போர்னில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு அமெரிக்கா அனுப்பிய குழுவின் செலவுக் கணக்கில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் என்ன? அப்படித்தான் ஆல்பர்ட் கோபெலே என்ற ஜெர்மானியப் பிறப்பாளர் ஆகஸ்ட் மாதம் சான்பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறினார். உயிரியல் கட்டுப்பாட்டின் தொடக்கமாகப் பாடநூல்கள் போற்றும் பயணம் ஒரு கணக்குத் தந்திரத்தில் புறப்பட்டது என்பதை அந்த நூல்கள் அதிகம் சொல்வதில்லை.

கோபெலே தேடிப் போனதும் வண்டை அல்ல. செதில் பூச்சியின் உடலுக்குள் வளரும் ஒரு சிறு ஈயை அடிலெய்டு நகரின் ஃபிரேசர் கிராஃபோர்டு முன்பே கண்டு சொல்லியிருந்தார். கிரிப்டோகீட்டம் என்ற அந்த ஈயைத்தான் கோபெலே சுமார் 12,000 எண்ணிக்கையில் அனுப்பிவைத்தார். 1888 அக்டோபர் 15 அன்று வடக்கு அடிலெய்டில் ஒரு தோட்டத்தில், பெரிய செதில் பூச்சி ஒன்றைத் தின்றுகொண்டிருந்த சிறிய சிவப்புப் பொறிவண்டைப் பார்த்தார். அதையும் சேர்த்து அனுப்பலாமே என்று தோன்றியிருக்கிறது. முதல் பெட்டியில் உயிரோடு சேர்ந்தவை 28. அடுத்ததில் 44, மூன்றாவதில் 57. ஆக 129 வண்டுகள். பின்னர் வந்தவற்றையும் கூட்டினால் 514.

அவற்றை லாஸ் ஏஞ்சல்ஸில் வாங்கிக்கொண்டவர் அதே கோக்கிலெட். வாயு அடிக்கக் கூடாரம் போட்ட மனிதர் இப்போது வண்டு தப்பிப் போகாதிருக்க, வுல்ஃப்ஸ்கில் தோட்டத்து ஆரஞ்சு மரம் ஒன்றுக்குக் கூடாரம் போட்டார். 1889 ஏப்ரலில் அந்த மரத்தில் செதில் பூச்சி ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. கூடாரத்தின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார். ஜூன் மாதத்துக்குள் 208 விவசாயிகளுக்கு 10,555 வண்டுகள் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டன. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திலிருந்து போன ஆரஞ்சு ஓராண்டில் 700 ரயில் பெட்டியிலிருந்து 2,000 பெட்டியாக உயர்ந்தது என்பது அக்காலத்துக் கணக்கு. மொத்தச் செலவு ஐயாயிரம் டாலரைத் தொடவில்லை. தோப்புக்காரர்கள் நன்றியாகக் கோபெலேக்குத் தங்கக் கடிகாரமும் அவர் மனைவிக்கு வைரத் தோடும் கொடுத்தார்கள். கிராஃபோர்டின் ஈயை எல்லோரும் மறந்துபோனார்கள். கலிபோர்னியாவின் கடலோரத் தோப்புகளில் செதில் பூச்சியை அடக்கிவைப்பதில் இன்றளவும் அந்த ஈக்குத்தான் பெரும் பங்கு. உள்நாட்டு வறண்ட பகுதிகளில்தான் வண்டின் ஆட்சி. வரலாறு பளிச்சென்ற நிறத்தைப் பார்த்து மயங்கியது என்பேன்.

வண்டின் பெயர் அப்போது வேடாலியா கார்டினாலிஸ். பிறகு ரோடோலியா ஆயிற்று, அண்மையில் நோவியஸ் பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். விவசாயி வாயில் வேடாலியாவே நிலைத்துவிட்டது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளம். சிவப்பில் ஒழுங்கற்ற கறுப்புத் திட்டுகள். மேலே மெல்லிய பூனைமயிர். தாய் வண்டு தன் சிவப்பு முட்டையைச் செதில் பூச்சியின் மேலோ அதன் முட்டைப்பையின் மேலோ இடுகிறது. பொரிந்து வரும் புழு நேராகப் பைக்குள் துளைத்து நுழைகிறது. இளம் புழு அங்கே முட்டைகளைத் தின்கிறது; வளர்ந்த புழு செதில் பூச்சியின் எல்லாப் பருவங்களையும் தின்னும். வெப்பமான பருவத்தில் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். இரையோ கிளையை விட்டு நகராதது, கூட்டமாக இருப்பது. ஐசெரியாவும் அதன் நெருங்கிய உறவினங்களும் கிடைக்காவிட்டால் வேடாலியாவுக்கு வேறு சாப்பாடு இல்லையென்றே சொல்லலாம். இத்தனையும் ஒரே உயிரில் கூடி வருவது அரிது. 1889க்குப் பிறகு பலர் இதை மறந்தார்கள்.

பழனி மலையில் ஒரு தோல்வி

மறந்தவர்களில் நம் மலைத் தோட்டக்காரர்களும் உண்டு. தென்னிந்திய மலைகளுக்கு வந்த முதல் ஆஸ்திரேலியப் பொறிவண்டு வேடாலியா அல்ல. காப்பிச் செடியைப் பிடித்த பச்சைச் செதில் பூச்சிக்கு எதிராக 1898இல் எச்.ஓ. நியூபோர்ட் என்பவர் கிரிப்டோலேமஸ் மான்ட்ரூசியேரி என்ற பொறிவண்டை வரவழைத்தார். கோபெலேயே தம் இரண்டாம் பயணத்தில் கலிபோர்னியாவுக்கு அனுப்பிய வண்டு இது. கறுப்பு முதுகு, ஆரஞ்சுத் தலை. இதன் புழு வெள்ளை மெழுகுச் சடை போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சி வேடத்திலேயே திரியும்.

பச்சைச் செதில் பூச்சியை அது ஒழிக்கவில்லை. அதற்கு உரிய இரை மாவுப்பூச்சி. செதில் பூச்சி கிடைத்தால் தின்னும், அவ்வளவுதான். கலிபோர்னியாவில் ஒரு வண்டு ஒரு செதில் பூச்சியை அடக்கிவிட்டது என்பதால், இன்னொரு வண்டு இன்னொரு செதில் பூச்சியை அடக்கும் என்று நம்பினார்கள். அக்காலப் பூச்சியியலின் மூடநம்பிக்கை என்றே அதைச் சொல்லலாம்.

ஆனால் அந்த வண்டு செத்துப்போகவும் இல்லை. தென்னிந்தியாவில் சத்தமில்லாமல் ஊன்றிக்கொண்டு, பல்வேறு மாவுப்பூச்சிகளின் மேல் காணப்பட்டது. 1970களில் குடகுப் பகுதியின் செட்டள்ளி ஆய்வு நிலையத்தில் அதைப் பெருக்கக் கற்றுக்கொண்டார்கள். நன்றாகப் பழுத்த, வரி ஆழமான பரங்கிக்காய்தான் அதன் பண்ணை. காயைக் கழுவி, பூசணக்கொல்லியில் நனைத்து, கீறல் விழுந்த இடத்தை மெழுகால் அடைத்து, மாவுப்பூச்சிக் குஞ்சுகளை மேலே ஊரவிடுகிறார்கள். காய் வெள்ளையாகப் பூத்த பிறகு கூண்டில் வைத்து வண்டை விடுகிறார்கள். திராட்சை, கொய்யா, காப்பித் தோட்டக்காரர்கள் இன்று கிரிப்டோலேமஸ் என்ற பெயரைத் தடுமாறாமல் சொல்கிறார்கள். 1898இல் தோற்ற வண்டு தன் உரிய இரையைச் சந்தித்தபின் பயன்பட்டது. அதே வண்டு தென்னாப்பிரிக்காவில் சப்பாத்திக் கள்ளியை அழிக்க விடப்பட்ட கோச்சினீல் பூச்சிகளைத் தின்று அந்த வேலையைக் கெடுத்தது என்பதும் கணக்கில் எழுத வேண்டியதுதான்.

சீகைக் காட்டில்

நீலகிரிக்காரர்கள் வாட்டில் மரத்தைச் சீகை என்பார்கள். தைல மரம் அங்கே கற்பூர மரம், வாட்டில் சீகை. நம் சீயக்காய்க் கொடியும் இந்த மரமும் அண்மைக்காலம் வரை அக்கேசியா என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டவை; பெயர் பொருத்தமாகவே விழுந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயர் உதகையில் குடியேறி, சோலைகளை விறகுக்காக வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தபோது, வேகமாக வளரும் மரம் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து இதைக் கொண்டுவந்தார்கள். பின்னர் இன்னொரு பயன் முக்கியமாயிற்று. கறுஞ்சீகையின் பட்டையில் டானின் மிகுதி. தோல் பதனிடுவதற்கு அது வேண்டும். புல்வெளிகள் தோட்டங்களாயின.

1928இல் இந்தச் சீகைத் தோட்டங்களில் பஞ்சுச் செதில் பூச்சி காணப்பட்டது. ஆக்லாந்தில் அக்கேசியா, மென்லோ பார்க்கில் அக்கேசியா, நீலகிரியில் சீகை: மூன்றாம் முறையும் ஒரே கதை. நூறாண்டுக்கு அருகில் பூச்சியில்லாமல் வளர்ந்த மரத்தைத் தேடி அதன் பழைய பூச்சி வந்து சேர்ந்தது. சீகையோடு நின்றிருந்தால்கூடக் கவலை குறைவு. ரோஜா, ஆரஞ்சு, எலுமிச்சை என்று எத்தனையோ செடிகளில் அது வாழும். மலையடிவாரத்து எலுமிச்சைத் தோப்புகள் வரை இறங்கினால் என்ன ஆகும் என்ற அச்சமே அரசை அசைத்தது. சென்னை மாகாணத்தில் 1919லேயே பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. இந்தியாவில் அந்த வகையில் முன்னோடிச் சட்டம் அது. கோயம்புத்தூரில் பூச்சியியல் பிரிவு வலுவாக இருந்தது. தென்னிந்தியப் பூச்சியியலுக்குக் கைநூல் எழுதிய டி.வி. ராமகிருஷ்ண ஐயர் காலம்.

சீகைக் காட்டில் மருந்தடிப்பது நடக்கிற காரியமா? சரிவு நெடுக நெருக்கமாக நிற்கும் மரங்கள். ஒரு மரத்தின் விலையைவிட மருந்தின் விலை அதிகம். பழத்தோட்டத்துக்கும் மரக்காட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். ஆரஞ்சுக்காரன் கூடாரம் போட்டுக்கூட ஒரு மரத்தைக் காப்பாற்றப் பார்ப்பான், பழம் விலை போகும். விறகுக்கும் பட்டைக்கும் வளர்க்கும் மரத்துக்கு அந்தச் செலவு செய்ய எவரும் துணியமாட்டார். ஆகவே மரத்தோட்டத்தில் உயிரியல் கட்டுப்பாடு என்பது பல வழிகளில் ஒன்றாக இல்லை. பெரும்பாலும் அது ஒன்றே வழியாக இருந்தது.

1929இல் கலிபோர்னியாவிலிருந்து வேடாலியா வந்தது. 1930இல் எகிப்திலிருந்தும் தருவிக்கப்பட்டது. எகிப்திடம் அந்த வண்டு இருந்ததற்கும் கலிபோர்னியாவே காரணம்: 1890களில் அலெக்சாண்டிரியாவின் தோட்டங்களைப் பிடித்த இன்னொரு ஐசெரியா இனத்துக்காக அமெரிக்கா அனுப்பியது அது. அடிலெய்டு, லாஸ் ஏஞ்சல்ஸ், அலெக்சாண்டிரியா, உதகை என்று ஒரு தொடர். ஆய்வகத்தில் பெருக்கி விட்ட வண்டுகள் ஓராண்டுக்குள் பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தன என்பது நம் வேளாண் பாடநூல்கள் இன்றும் சொல்லும் செய்தி. ஒய். ராமச்சந்திர ராவும் எம்.சி. செரியனும் 1940களில் சீகையில் இப்பூச்சியையும் அதன் உயிரியல் கட்டுப்பாட்டையும் பற்றி எழுதினார்கள்.

அப்படியானால் 1943இல் மேட்டுப்பாளையத்தில் எதற்குச் சோதனை? இதில் முரண் ஒன்றும் இல்லை. இரைவிழுங்கி பூச்சியை அடியோடு ஒழிப்பதில்லை; ஒழித்தால் அதற்கே சோறில்லை. கொஞ்சம் பூச்சி, கொஞ்சம் வண்டு என்று இரண்டும் தாழ்ந்த எண்ணிக்கையில் நின்றுவிடுகின்றன. மலையில் அது போதும். ஆனால் மிஞ்சிய அந்தக் கொஞ்சத்தில் ஒன்று கன்றோடு கீழே போனால், அங்கே வண்டு இராது. கொடைக்கானலுக்கும் பூச்சி போய்ச்சேர்ந்திருந்தது இந்த அச்சத்துக்குச் சான்று. வண்டும் வேண்டும், வாசலில் காவலும் வேண்டும் என்று அக்காலத்து அலுவலர்கள் தெளிவாகவே யோசித்திருக்கிறார்கள்.

மருந்து வந்த பின்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி வந்தது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1946, 1947 வாக்கில் ஆரஞ்சுத் தோப்புகளில் வேறொரு பூச்சிக்காக அதை அடித்தார்கள். வேடாலியா மடிந்தது, செதில் பூச்சி மடியவில்லை. ஐம்பது ஆண்டுகளாக விவசாயிகள் மறந்தேபோயிருந்த பஞ்சு மீண்டும் கிளைகளை மூடியது. மறுபடி வண்டைக் கொண்டுவந்து விட்டு, மருந்து அடிப்பதை மாற்றியமைத்த பிறகே தோப்புகள் தேறின. ஓர் இரைவிழுங்கி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வகமும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. 1990களின் இறுதியில் பூச்சிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் புதுவகை மருந்துகள் வந்தபோது அதே பள்ளத்தாக்கில் அதே பாடம் திரும்ப நடந்தது.

மரத்துக்கு மரம்

வேடாலியாவின் வழியில் பிறகு வந்தவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1980களில் ஆட்டுத் தீவனத்துக்கும் விறகுக்கும் அதிசய மரம் என்று ஊரெங்கும் நடப்பட்ட சவுண்டல், அதாவது சூபாபுல், 1988இல் சில்லிட் என்னும் துள்ளிப் பறக்கும் சிறு பூச்சியிடம் சிக்கியது. பூச்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பசிபிக் தீவுகள் வழியாகத் தென்கிழக்கு ஆசியாவைக் கடந்து வந்தது. அதன் பின்னாலேயே, அதே ஆண்டில், குரினஸ் என்ற கருநீலப் பொறிவண்டைத் தாய்லாந்திலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். மெக்சிகோ வண்டு, ஹவாய் போய், தாய்லாந்து வந்து, பெங்களூரில் இறங்கியது. வண்டு ஊன்றியது. ஆனாலும் வேடாலியா அளவுக்குத் துல்லியமான வெற்றி என்று இதை நான் சொல்லமாட்டேன். குரினஸ் பலவற்றைத் தின்னும், சில்லிட்டோ துளிர் விடும் பருவத்தில் மளமளவென்று பெருகி அடங்கும் பூச்சி.

மற்றது ஸ்புரூஸ் காடுகளின் கதை. டென்ட்ரோக்டோனஸ் மைக்கன்ஸ் என்ற பட்டை வண்டு ஜார்ஜியாவின் போர்ஜோமிப் பகுதியில் கீழைநாட்டு ஸ்புரூஸ் மரங்களைக் கொன்றுவந்தது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் கூட்டமாகத் தோளோடு தோள் ஒட்டித் தின்கின்றன. மருந்து அங்கே எட்டாது. 1963 முதல் அங்கே ரைசோஃபேகஸ் கிராண்டிஸ் என்ற ஒல்லியான பழுப்பு வண்டை வளர்த்துக் காட்டில் விட்டார்கள். மைக்கன்ஸ் புழுவின் எச்சமும் மரத்தூளும் கலந்த வாடையை மோப்பம் பிடித்து, பட்டையின் துளை வழியே அது உள்ளே போகும். 1982இல் பிரிட்டனில் இந்தப் பட்டை வண்டு கண்டுபிடிக்கப்பட்டபோது, 1984இலிருந்து அங்கும் இதையே விட்டார்கள். வேடாலியாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கூட்டமாக இருக்கும் நகராத இரை, ஏறக்குறைய அதை மட்டுமே தின்னும் எதிரி, ஆண்டுக்கணக்கில் யாரும் உழாத, அறுக்காத நிலம். மூன்றும் கூடிய இடத்தில் வெற்றி. பருத்தி வயலில் அறுவடையோடு இரையும் இரைவிழுங்கியும் சேர்ந்து வெளியேற்றப்படுகின்றன. அடுத்த பருவத்தில் இரை முதலில் வருகிறது, எதிரி தாமதமாக வருகிறது. மரத்தில் அந்த இடைவெளி விழுவதில்லை.

மரத்தோட்டத்துக்கென்று வளர்ந்த இந்தக் கலை பின்னர் காட்டு மரங்களையும் காக்கப் போனது. செயின்ட் ஹெலினா தீவில் இரண்டே இடங்களில் எஞ்சியிருந்த கம்வுட் மரத்தை ஆர்தீசியா என்ற உறிஞ்சும் பூச்சி கொன்றுகொண்டிருந்தபோது, 1993இல் கென்யாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஹைபரேஸ்பிஸ் பொறிவண்டு அதை அழிவிலிருந்து மீட்டது. கலாபகோஸ் தீவுகளில் பஞ்சுச் செதில் பூச்சியே 1982இல் நுழைந்து தீவுக்கே உரிய செடிகளைத் தாக்கியது. வேடாலியாவை விடலாமா என்று அங்கே ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். வேறு எதையும் தின்னாது என்று உறுதி செய்தபின் 2002இல்தான் விட்டார்கள். 1889இல் அப்படி ஒரு சோதனையும் இல்லாமல் கூடாரம் திறக்கப்பட்டது. வேடாலியா ஒழுங்கான உயிராக அமைந்தது அன்றைய மனிதர்களின் அதிர்ஷ்டம். ஆசியப் பலவண்ணப் பொறிவண்டு ஹார்மோனியாவை அசுவினிக்கு எதிராக விற்று, விட்டு, இப்போது உள்ளூர் வண்டுகளை அது தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐரோப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

சீகை இப்போது

நீலகிரியின் கதையில் ஒரு திருப்பம் பாக்கியிருக்கிறது. 1930இல் காப்பாற்றப்பட்ட சீகை இன்று வேண்டாத மரம். நடவை நிறுத்தி முப்பதாண்டுக்கு மேலாகியும் விதையாலும் வேர்க்கன்றாலும் அது தானே பரவிக்கொண்டிருக்கிறது. சோலையை ஒட்டிய புல்வெளிகளை மூடுகிறது. புல்வெளி போனால் ஓடைநீர் குறையும், வரையாடு மேய இடமில்லாமல் போகும். சென்னை உயர் நீதிமன்றம் அயல் மரங்களை அகற்றச் சொல்லித் தொடர்ந்து கேட்டுவருகிறது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது.

தென்னாப்பிரிக்கா இன்னும் ஒரு படி போய்விட்டது. தோல் தொழிலுக்காகச் சீகையை வளர்ப்பதும், அது பரவுவதைத் தடுப்பதும் அங்கே ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஆகவே மரத்தைக் கொல்லாமல் விதையை மட்டும் தின்னும் மெலான்டீரியஸ் கூன்வண்டுகளை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து 1980களிலிருந்து விட்டுவருகிறார்கள். எந்தக் கலையால் சீகை காப்பாற்றப்பட்டதோ அதே கலை அங்கே சீகைக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. அன்று கோயம்புத்தூரில் முடிவெடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பட்டைக்கு விலை இருந்தது, புல்லுக்கு விலை இல்லை; எது பயிர், எது களை என்பதைச் சந்தை சொன்னது. அவர்கள் தேர்ந்தெடுத்த வண்டு எதையும் கெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்த மரம்தான் கெடுத்தது.

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் தோட்டம் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். ரோஜாக் கிளையிலோ எலுமிச்சைக் கணுவிலோ கொசுவம் வைத்த வெள்ளைப் பையைக் கண்டதும் மருந்துக் குப்பியை எடுக்காதீர்கள். கிளையை வளைத்து, பையின் மேல் சிவப்பு முட்டை இருக்கிறதா, பக்கத்தில் மிளகளவில் ஒரு செவ்வண்டு நகர்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தச் செடியைச் சில வாரம் அப்படியே விட்டுவிடுங்கள்.